வெறுங்காலோடு நடந்தவர்கள் நாங்கள்தான்

போன மாதம் கோல்டிங் நகரில் பிள்ளைகளின் கலைவிழா நடந்தது. இடைவேளையில் தேநீர்க் கோப்பைகளோடு நின்ற கூட்டத்தில், எங்கள் வயதுக்காரர் ஒருவர் பழைய கதைகள் சொல்லிச் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"வந்த புதிசில ஒரு குடும்பம் பிள்ளையளின்ர சப்பாத்தைப் பையில போட்டுக்கொண்டு வெறுங்காலோட பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதாம். டென்மார்க் குளிருக்குள்ள! பிறகு கொமூன வந்துதான் சப்பாத்துப் போடப் பழக்கினதாம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. நானும் கோப்பைக்குள் பார்த்தபடி பல்லைக் காட்டினேன். நாலு பேருக்கு முன் வாய் திறந்து பேசத் தெரியாதவன் நான். தமிழில் நான் படித்தது ஊரில் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனாலும் அன்றைக்குச் சிரித்த உங்களுக்கே எழுதுகிறேன். அந்தக் குடும்பம் எங்களுடையது. கதையும் நீங்கள் சொன்ன மாதிரி நடக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தங்கச்சிக்கு ஆறு. டென்மார்க்கின் யூலண்ட் பகுதியின் நடுவில், வயல்களுக்குள்ளே ஒரு மஞ்சள் செங்கல் வீட்டில், ஊர்ச் சண்டைக்குத் தப்பி அகதிகளாக வந்த எங்களைக் கொண்டுபோய் இருத்தினார்கள். அந்த வீட்டை எங்களுக்குத் தேர்ந்தெடுத்தது ஊராட்சி அலுவலகமான கொமூன. வாடகையைக் கட்டியதும் கொமூன. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர ஒன்றரைக் கிலோமீற்றர் மண் பாதை. பாதை தொடங்கும் இடத்தில் வீட்டுச் சொந்தக்காரரின் பன்றிப் பண்ணை இருந்தது. நடுவில் இன்னொரு வீடு, கடைசியில் நாங்கள். சொந்தக்காரருக்கு அப்பா வைத்த பெயர் போடியார். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் நிறைய வயல் உள்ளவரை அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தக் கோடையில்தான் ஊரில் சண்டை முடிந்தது என்றார்கள். ஒப்பந்தம் எழுதியாயிற்று, பக்கத்துப் பெரிய நாட்டின் படை வந்து இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. அப்பா அதை மூன்று தரம் சத்தமாக வாசித்தார். அன்றைக்கே நாலு பெட்டிகளையும் கட்டி, முன்னறைச் சுவரோடு வரிசையாக நிறுத்திவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டுக்கென்று எதுவும் வாங்குவதில்லை. திரைச்சீலை வாங்குவோமா என்றால், "ஆருக்கு?" என்பார். மண்வெட்டி வாங்குவோமா என்றால், "தைப்பொங்கல் ஊரில" என்பார்.

புரட்டாதியில் மழை தொடங்கியது. போடியாரின் உழவு இயந்திரங்கள் பீற்றூட் கிழங்கு ஏற்றிக்கொண்டு இரவு பகலாக அந்தப் பாதையில் ஓடின. ஒரு கிழமையில் பாதை உழுத வயலாகிவிட்டது. சில்லுத் தடங்களில் என் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பன்றிச் சாணமும் டீசலும் அழுகிய கிழங்கிலையும் சேர்ந்த ஒரு வாடை. இன்றைக்கும் அந்த வாடை எங்காவது வந்தால் எனக்குக் கால்தான் முதலில் குளிரும்.

பள்ளிக்கூட பஸ் தார் ரோட்டில் நிற்கும். முதல் மழை நாளில் நாங்கள் கணுக்கால்வரை அப்பிய சேற்றோடு ஏறினோம். சாரதி எங்களை மறித்தார். ஏசவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து பழைய பத்திரிகைத் தாள்களை எடுத்து, ஒரு இருக்கைக்கு முன்னால் விரித்து, அங்கே இருக்கும்படி கை காட்டினார். பஸ் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எங்களுக்கு மட்டும் காலடியில் பத்திரிகை. மற்றப் பிள்ளைகள் தார் ரோட்டு வீடுகளிலிருந்து வருகிறவர்கள். மழை நாளில் றப்பர் பூட்ஸ் போட்டு வந்து, பள்ளிக்கூட வாசலில் கழற்றிவிட்டு வேறு சப்பாத்து மாற்றுவார்கள்.

நாலாம் நாள் தங்கச்சி பஸ்ஸுக்குப் போகமாட்டேன் என்று அழுதாள்.

"இஞ்சேருங்க, பிள்ளையளுக்குப் பூட்ஸ் ரெண்டு சோடி எடுப்பம்" என்றார் அம்மா.

"பூட்ஸா? மூணு மாசத்தில ஊருக்குப் போற பிள்ளையளுக்கு? மட்டக்களப்பு வெயிலுக்குள்ள அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கா போறது?" என்றார் அப்பா.

அம்மா ஜன்னலால் பாதையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "வயலுக்குள்ள ஆராவது சப்பாத்தோட இறங்குவாங்களா, மனே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் அந்தப் பெரிய இரகசியம். அம்மா வயல்காரரின் மகள். சேறென்றால் கழற்றிக் கையில் எடு, கரையில் கால் கழுவு, பிறகு போடு. மறுநாள் காலை எங்கள் சப்பாத்துகளும் சொக்ஸும் ஒரு பையில். அம்மாவின் ஒரு கையில் சுடுதண்ணீர்க் கான், துணியால் சுற்றியது. தோளில் துவாய். மூன்று பேரும் வெறுங்காலோடு இறங்கினோம்.

ஊர்ச் சேறு இளஞ்சூடாக இருக்கும். காலைப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். இந்தச் சேறு இரும்புபோலக் குளிர்ந்தது. பிடித்தால் விடாது. ஆனாலும் முதல் மூன்று நாலு கிழமைகள் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தன. தங்கச்சி ஒவ்வொரு பள்ளத்துக்கும் எங்கள் ஊர்க் குளங்களின் பெயரை வைத்தாள். "அண்ணா, உன்னிச்சைக் குளம் நிரம்பிட்டுது, சுத்திப் போ" என்பாள். தார் ரோட்டுக் கரையில், முன்னொரு காலத்தில் பால் கான்களை வைத்த சீமெந்து மேடை ஒன்று இருந்தது. அதில் எங்களை ஏற்றி இருத்தி, அம்மா கால் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, சொக்ஸும் சப்பாத்தும் போட்டுவிடுவார்.

சாரதி எங்கள் சப்பாத்தைப் பார்த்தார். அந்த பஸ்ஸிலேயே துப்புரவான சப்பாத்து எங்களுடையதுதான். பெருவிரலை உயர்த்திக் காட்டினார். காலடியில் பத்திரிகை விரிப்பது அன்றோடு நின்றது. கீழே வெறுங்காலோடு நின்ற அம்மா, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரிச் சிரித்தார். சொல்லுங்கள், சப்பாத்துப் போடத் தெரியாத பெண்ணா அவர்?

ஐப்பசியில் ஒரு நாள் போடியார் எங்கள் வாசலில் உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கிறவல், சரளைக் கல், கொண்டுவந்து கொட்டினார். அப்பாவுக்கு நீளமாக ஏதோ சொன்னார், பாதையைக் காட்டினார், போய்விட்டார். அது பாதைக்குப் போட வேண்டிய கிறவல். இந்த நாட்டில் இப்படிப்பட்ட பாதைக்கு அரசாங்கம் பொறுப்பில்லை. அதில் குடியிருக்கிற வீடுகளே தங்கள் துண்டைத் தாங்கள் நிரவ வேண்டும். மற்ற இரண்டு வீடுகளும் தங்கள் பங்கைச் செய்துவிட்டன. இதெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்தது மாதங்கள் கழிந்த பிறகு. அப்போது அப்பா விளங்கிக்கொண்டது, போடியார் ஏதோ கட்டப் போகிறார் என்று.

"ஒருத்தரும் அதில கை வைக்கப்படாது. பிறகு களவெடுத்ததெண்டு பேர் வரும்."

கை வைக்காதது மட்டுமல்ல. மழையில் கரைந்துவிடக் கூடாதென்று பெரிய பிளாஸ்ரிக் விரிப்பொன்றைத் தேடி எடுத்து, அந்தக் குவியலை மூடி, நாலு பக்கமும் கல் வைத்தார். பிறர் பொருளைப் பத்திரமாகக் காத்தார். போடியார் அந்த வழியால் போகும்போதெல்லாம் உழவு இயந்திரத்தை மெதுவாக்கி, மூடிக்கட்டிய குவியலையும் எங்கள் வீட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். அப்பா ஜன்னலுக்குள் நின்று மரியாதையாகக் கையசைப்பார். இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஒரு மனிதன் வந்து கையைப் பிடித்து, இது உங்கள் பங்கு, இப்படிக் கொட்டி நிரவுங்கள் என்று ஒரு தரம் செய்து காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அதே மாதத்தில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. இந்த முறை வந்திறங்கிய படையோடு. அப்பா வானொலியை நிறுத்திவிட்டு, "சின்னப் பிரச்சினை. தைக்குள்ள சரிவரும்" என்றார். பெட்டிகள் அப்படியே நின்றன.

கார்த்திகை முடிவில் சேறு உறைந்தது. முழுவதும் உறைந்திருந்தால் நடந்திருக்கலாம். மேலே கண்ணாடி மாதிரி ஒரு தகடு, கீழே சேறு. கால் வைத்தால் உடைந்து வெட்டும். அம்மா சொக்ஸுக்கு மேல் கடைப் பைகளைச் சுற்றி றப்பர் வளையம் போட்டுவிட்டார். பை வழுக்கும், கிழியும். தங்கச்சியின் குதிக்காலில் இரண்டு இடத்தில் வெட்டு. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினார். பள்ளிக்கூடத்தில் உயரமும் நிறையும் பார்க்க வந்த தாதி அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். தங்கச்சி தனக்குத் தெரிந்த டேனிஷில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: நாங்கள் வெறுங்காலோடு வருகிறோம், அதுதான் எங்கள் சப்பாத்து எப்போதும் துப்புரவு.

மார்கழியில் கொமூனவிலிருந்து ஒரு பெண் வந்தார். கூடவே ஓகூஸ் நகரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்து இளைஞர், நல்ல நீளக் குளிரங்கி போட்டவர். அவர்களின் கார் நடுவழியில் சேற்றில் புதைந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஓடிப்போய், வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். மொழிபெயர்ப்பாளர் காற்சட்டை பழுதாகுமென்று காருக்குள்ளேயே இருந்தார். அந்தப் பெண் இறங்கி நின்று, அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காரை மறந்துவிட்டார். பாதையையும் மறந்துவிட்டார். கால்கள் மட்டும் அவரது குறிப்புப் புத்தகத்துக்குப் போயின.

வீட்டில் முன்னறையில் இருந்தார்கள். நான் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, என்ன வேலை பாத்திருக்கிறியள்?" என்று தொடங்கினார் மொழிபெயர்ப்பாளர், அந்தப் பெண் கேள்வியை முடிப்பதற்கு முன்பே. "எங்கட சனத்துக்கே மானக்கேடு. யாழ்ப்பாணத்தில ஆரும் பிள்ளையளை இப்பிடி அனுப்புவினமே?"

"யாழ்ப்பாணத்தில இப்பிடிச் சேறு இருக்கா, தம்பி?" என்றார் அம்மா. "நாங்க வயல்காரர். நீங்க அவட்டக் கேளுங்க, இந்தப் பாதை ஆர்ர? எங்களக் கொண்டு வந்து இதுக்குள்ள இருத்தினது ஆரு? பனி வழிக்கிற லொறி தார் ரோட்டோட திரும்பிப் போகுது. ஏன் இதுக்குள்ள வாறல்ல? ஆர்ர பாதையெண்டு கேளுங்க."

மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெண்ணிடம் திரும்பி இரண்டு வசனம் சொன்னார். தெரியாமல் செய்துவிட்டார்களாம். அம்மா மன்னிப்புக் கேட்கிறாராம்.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் பழகிய டேனிஷில் அவ்வளவும் எனக்கு விளங்கியது. பாதை யாருடையது என்று அம்மா கேட்டது போகவில்லை, கேட்காத மன்னிப்புப் போனது. அந்தக் கேள்வி அன்றைக்கே போயிருந்தால் வாசலில் கிடந்த கிறவலின் கதை அன்றைக்கே விளங்கியிருக்கும். எனக்கு அந்த மொழிபெயர்ப்பாளரில் உள்ள கோபத்தில் பாதி, விளங்கியும் சொல்லாமல் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்ற பொடியனில்.

பிறகு ஒரு கடதாசியை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு நல்ல குடும்பம் இருக்கிறது, சின்னவள் கொஞ்சக் காலம் அங்கே நிற்கட்டும், பாதை காயும்வரைதான் என்று விளக்கினார் மொழிபெயர்ப்பாளர். அம்மா யோசித்தார். எங்கள் ஊர்களில் அது புதிதல்ல. பள்ளிக்கூடம் தூரமென்றால் பட்டினத்தில் உள்ள மாமி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ பிள்ளையை நிறுத்துவார்கள். சனிக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வரும். அறுவடைக்கு அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் போகும். அம்மாவே அப்படி நின்று படித்தவர்.

"அவங்களுக்கு நாங்க என்ன குடுக்க வேணும், தம்பி? அரிசி குடுக்கலாமா?"

மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். அதையும் அவர் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவும் அம்மாவும் கையொப்பம் வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, சோறு சாப்பிடும்போது தங்கச்சி சொன்னாள்.

"எனக்கு அங்க தனி அறையாம். நாயும் நிக்குதாம். டீச்சர் சொன்னவ, சனி ஞாயிறும் அங்கதானாம். மரத்தில இலை வந்தாப் பிறகுதான் இஞ்ச வாறதாம். அம்மா, நீங்களும் வருவீங்கதானே?"

அம்மாவின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது. "உண்மையா, மனே?" என்று என்னைப் பார்த்தார். நான் கடதாசியை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். மாதத்தில் ஒரு தரம் அம்மா அப்பா போய்ப் பார்க்கலாம் என்று இருந்தது. எவ்வளவு காலம் என்பது பிறகு தீர்மானிக்கப்படும்.

"அந்தத் தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரியும் அம்மா. அவர் வாசிச்சவர்தானே." பிறகு மற்றதையும் சொன்னேன். "நீங்க பாதையைப் பற்றிக் கேட்டதையும் அவர் சொல்லேல்ல."

அம்மா என்னைத் தன் பக்கம் திருப்பினார்.

"நீ ஏன் மனே அண்டைக்கே சொல்லல்ல?"

நான் கடதாசியை மடித்து மேசையில் வைத்தேன்.

அப்பா பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கையெழுத்து வச்சாச்சு. கவுண்மேந்தோட மோத ஏலுமா? தைக்குள்ள நாங்க ஊருக்குப் போயிடுவம், பிள்ளையக் கூட்டிக்கொண்டு."

"தைக்கு இன்னும் எத்தன நாள் கிடக்கு?" என்றார் அம்மா. "அங்க சண்டை நடக்குது. இஞ்ச பிள்ளையக் கொண்டு போகப்போறாங்க. நீங்க பெட்டியக் காத்துக்கொண்டு இருங்க."

அப்பாவிடம் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொங்கலுக்கு முதல் கிழமை பனி கொட்டியது. இரண்டு நாள் விடாமல். மூன்றாம் நாள்தான் தங்கச்சியைக் கூட்டிப் போக வரும் நாள். காலையில் கதவைத் திறந்தால் பாதை எது, வயல் எது என்று தெரியவில்லை. இதுக்குள்ளால் யார் வரப்போகிறார்கள் என்று அம்மாவின் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி.

அப்போதுதான் சத்தம் கேட்டது. தார் ரோட்டில் எப்போதும் திரும்பிப் போய்விடுகிற அந்தச் செம்மஞ்சள் லொறி, முன்னால் தகட்டோடு, மேலே விளக்குச் சுழல, எங்கள் பாதைக்குள் வந்துகொண்டிருந்தது. பனியை இரண்டு பக்கமும் மதில்போல ஒதுக்கிக்கொண்டு, ஒன்றரைக் கிலோமீற்றரும் வந்து, எங்கள் வாசலில் நின்றது. அதன் பின்னால் கொமூனப் பெண்ணின் சின்னக் கார்.

எத்தனை காலைப் பொழுதுகளில் அம்மா சுடுதண்ணீர்க் கானோடு அந்தப் பாதையில் நடந்தார்! பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு வராத லொறி, பிள்ளையைக் கொண்டு போவதற்கு வந்தது.

மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ஓகூஸிலிருந்து வரும் ரோட்டில் பனி. அந்தப் பெண் வாசலில் நின்று, மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்து, தங்கச்சியைப் பார்த்துக் கையசைத்தார். அவர் கெட்ட மனுசி அல்ல. அதனால் என் கோபம் குறைந்ததாக நினைக்க வேண்டாம். அப்பா தங்கச்சியின் பையைக் கொண்டுபோய்க் காரில் வைத்தார்.

அம்மா என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். "கேள், மனே. இந்தப் பாதை ஆர்ர?"

நான் கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தரம் கேட்டேன். அந்தப் பெண் வியப்போடு என்னைப் பார்த்து, மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார்: இது பொதுவான ரோட்டு அல்ல. இதில் குடியிருக்கிறவர்களுடைய பாதை. உங்களுடையதும்தான். நீங்களும் பராமரிக்க வேண்டும், அந்தக் கிறவல் அதற்குத்தான்.

"அப்ப இண்டைக்கு லொறி எப்பிடி வந்ததாம்?" என்றார் அம்மா.

அவர் தொலைபேசியில் கேட்டாராம். உடனே அனுப்பினார்களாம்.

ஒரு தொலைபேசி அழைப்பு.

நான் சொல்லி முடித்ததும் அம்மா தலையை ஆட்டினார். "எங்கட பாதையா? சரி. பிள்ளையக் கொண்டு போறது பாதையாலதானே? கேள்." அந்தப் பெண் ஆமென்றார், பாதைதான் காரணம் என்றார். "பாதை இப்ப துப்புரவாக் கிடக்கு எண்டு சொல்லு. என்ர பிள்ளையள் இதால நடந்து பள்ளிக்கூடம் போவாங்க. நாளைக்குப் பனி கொட்டினா நான் வழிப்பன். கையெழுத்த நான் திருப்பி எடுக்கிறன்."

அந்தச் சொற்களை நான் எப்படி டேனிஷில் சொன்னேன் என்று தெரியாது. சொன்னேன்.

பிறகு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவித்திருக்க வேண்டாம். கடிதங்கள் வந்தன, இன்னும் இரண்டு தரம் ஆட்கள் வந்தார்கள், வேறொரு மொழிபெயர்ப்பாளரை அம்மா கேட்டு வாங்கினார். தங்கச்சி எங்கேயும் போகவில்லை. இன்றைக்கு அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வைலே நகரில் இருக்கிறாள். அன்று தப்பியது மயிரிழையில் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம்.

அந்தக் காலையில் அம்மா நேரே காருக்குப் போய்க் கதவைத் திறந்து, தங்கச்சியின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டினார். உள்ளே வந்து எங்கள் இருவருக்கும் சப்பாத்துப் போட்டு முடிச்சை இறுக்கினார். தானும் அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். ஒரு கையில் தங்கச்சி, ஒரு கையில் நான்.

லொறி எங்கள் வாசலில் திரும்பி முன்னால் போய்விட்டது. அது வெட்டிய வழி ஒரு வாகனத்தின் அகலம்தான். இரண்டு பக்கமும் என் நெஞ்சு உயரத்துக்குப் பனி. பாதி வழி போனபோது பின்னால் காரின் சத்தம் கேட்டது. விலகிப் போக அதற்கு இடமில்லை. எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது. தங்கச்சி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அவ வாறா. ஒதுங்குவமா?"

ஹோர்ன் ஒரு தரம் மெதுவாக அடித்தது.

"நேர பாத்து நட, புள்ள" என்றார் அம்மா.